கிளாரா ஷூமான்: இசைத்திறமையும் இழப்புகளும்

கிளாரா ஷூமான் (செப்டம்பர் 13, 1819 – மே 20, 1896) ஜெர்மானியப் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், ஆசிரியர். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். ஒன்பதாவது வயதில் மேடையேறிய இவர், 71ஆம் வயது வரை பொதுமக்கள் முன் வாசித்தார். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் மனைவி; ஜோகன்னஸ் பிராம்ஸின் நெருங்கிய தோழி.

கிளாராவின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகவோ ஒரு காதல் கதையாகவோ சொல்லப்படுகிறது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய திறமையை எந்தத் திசையில் செலுத்துவது என்பதைத் தந்தை, கணவர், குடும்பத்தின் பணத்தேவை, பொதுமக்கள் என ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு கட்டத்தில் தீர்மானித்தது. இக்கட்டுரை அந்தப் பக்கத்தை விளக்குகிறது.

குழந்தைப் பருவம்

கிளாரா ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோக்களை விற்பனை செய்யும் வணிகமும் நடத்தினார். தாய் மரியானே பாடகியும் பியானோ கலைஞரும் ஆவார். பெற்றோரின் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1824இல் தாய் வீட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு மணமுறிவு ஏற்பட்டது. அக்காலச் சட்டப்படி பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள் என்பதால், ஐந்து வயதில் கிளாரா தாயிடமிருந்து தந்தையிடம் அனுப்பப்பட்டார்.

நான்கு வயது கடந்த பின்னும் கிளாரா சரியாகப் பேசவில்லை. காது கேளாத குழந்தையோ என்று வீட்டில் ஐயப்பட்டனர். ஆனால் பியானோவில் கேட்டதைத் திருப்பி வாசிக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

வீக் தம் கற்பிக்கும் முறை சிறந்தது என்பதை உலகுக்குக் காட்ட விரும்பினார். அதற்குச் சான்றாக மகளை உருவாக்கினார். தினமும் ஒரு மணி நேரப் பாடம், இரண்டு மணி நேரப் பயிற்சி, உடல்நலத்துக்காக நெடுநேர நடை எனக் கிளாராவின் நாள் வகுக்கப்பட்டது. வயலின், வாய்ப்பாட்டு, இசைக் கோட்பாடு ஆகியவற்றுக்குத் தனி ஆசிரியர்கள் வந்தனர். பொதுப்பள்ளிக் கல்வி சிறிது காலமே கிடைத்தது. ஒரு வகையில் இது அக்காலப் பெண் குழந்தைகளுக்குக் கிட்டாத உயர்ந்த கல்வி. இன்னொரு வகையில், அந்தக் கல்வி முழுவதும் மேடை என்ற ஒரே இலக்கை நோக்கியது.

தந்தையின் கையெழுத்தில் மகளின் நாட்குறிப்பு

கிளாராவுக்கு ஏழு வயதானபோது அவர் பெயரில் ஒரு நாட்குறிப்பு தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அதை எழுதியவர் வீக். 'நான்' என்று மகளே பேசுவதுபோல அவர் எழுதினார். மகள் எப்படி வாசித்தாள், எங்கே சோம்பலாக இருந்தாள், தந்தை எதற்காகக் கண்டித்தார் என்பனவெல்லாம் மகளின் குரலிலேயே பதிவாயின. பின்னர் கிளாரா தாமே எழுதத் தொடங்கியபோதும், தந்தை அதைப் படிப்பார் என்பது அவருக்குத் தெரியும். தம் மனத்தில் உள்ளதைத் தனியே எழுதிவைக்கக்கூட ஓர் இடம் இல்லாமல் அவர் வளர்ந்தார்.

1828 அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதில், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வேறொரு கலைஞரின் நிகழ்ச்சியில் கிளாரா முதன்முதலாக வாசித்தார். 1830 நவம்பரில், 11ஆம் வயதில், அதே அரங்கில் தம் முதல் தனிக் கச்சேரியை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு தந்தை அவரை வைமர் வழியாகப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார். வைமரில் முதுமைப் பருவத்திலிருந்த கவிஞர் கதே அவர் வாசிப்பைக் கேட்டுப் பாராட்டிப் பதக்கம் அளித்தார்.

அரங்குகளை ஏற்பாடு செய்வது, பியானோவை வரவழைப்பது, நுழைவுச்சீட்டு விற்பது, எந்த ஊரில் எதை வாசிப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் வீக்கின் பொறுப்பு. கச்சேரி வருமானமும் அவரிடமே இருந்தது. விரல் வேகத்தைக் காட்டும் அன்றைய நாகரிகப் படைப்புகளே முதலில் நிகழ்ச்சிகளில் நிறைந்திருந்தன. மக்கள் கேட்க வந்தது அதைத்தான்.

1837–38 குளிர்காலத்தில் வியன்னாவில் கிளாரா வாசித்தபோது அவர் புகழ் உச்சத்தைத் தொட்டது. ஆஸ்திரிய அரசவை அவருக்கு அவைக் கலைஞர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 18.

திருமணத்துக்கான வழக்கு

ராபர்ட் ஷூமான் 1830இல் வீக்கிடம் மாணவராக வந்து அவர் வீட்டிலேயே தங்கியவர். கிளாராவைவிட ஒன்பது வயது மூத்தவர். பியானோ கலைஞராக வேண்டும் என்பது அவர் கனவு. வலக்கை விரல் பாதிக்கப்பட்டதால் அது கைகூடவில்லை. இசையமைப்பில் முழுமையாக இறங்கினார். 1837இல் இருவரும் மணம் செய்துகொள்ள உறுதி பூண்டனர். வீக் கடுமையாக எதிர்த்தார்.

அவருடைய எதிர்ப்பில் ஒரு தந்தையின் கவலையும் இருந்தது. ராபர்ட்டுக்கு நிலையான வருமானம் இல்லை; குடிப்பழக்கமும் மனச்சோர்வும் இருந்தன. ஆனால் அது மட்டும் காரணம் அன்று. பதினைந்து ஆண்டு உழைப்பில் உருவாக்கிய கலைஞர் தம் கையைவிட்டுப் போவதை வீக்கால் ஏற்க முடியவில்லை.

1839இல் கிளாரா தந்தையின் துணையின்றிப் பாரிஸ் சென்று, தாமே நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து வாசித்தார். அதே ஆண்டு இருவரும் நீதிமன்றத்தை நாடினர். ஓராண்டு இழுபறிக்குப் பின் 1840 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று, கிளாராவின் 21ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், திருமணம் நடந்தது. தம்மை உருவாக்கிய தந்தைக்கு எதிராகவே வழக்காட நேர்ந்தது கிளாராவை மிகவும் வருத்தியது. சில ஆண்டுகள் கழித்துத் தந்தையும் மகளும் சமாதானம் ஆயினர்.

ஒரே வீட்டில் இரு கலைஞர்கள்

திருமணத்துக்குப் பின் கிளாராவின் முன் நின்ற சிக்கல் மிகச் சாதாரணமானது: பியானோ வாசித்தால் சத்தம் கேட்கும். ராபர்ட் இசையமைக்கும்போது வீட்டில் அமைதி வேண்டும். எனவே அவர் எழுதும் நேரங்களில் கிளாரா பியானோவைத் தொடவில்லை. நாள் முழுதும் சிறிது நேரம்கூடப் பயிற்சிக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் தம்பதியர் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. ராபர்ட்டும் இதை உணர்ந்திருந்தார். தம் பொருட்டு மனைவியின் கலை தடைப்படுகிறது என்று அதே நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் ஏற்பாடு மாறவில்லை.

1841 முதல் 1854 வரை கிளாரா எட்டுக் குழந்தைகளைப் பெற்றார். இடையிடையே கச்சேரிகள் தொடர்ந்தன. குடும்பத்தின் வருமானத்துக்கு அவை தேவைப்பட்டன. ராபர்ட்டின் பியானோ படைப்புகளை மக்களிடம் கொண்டுசென்ற கைகளும் கிளாராவுடையவையே. 1844இல் இருவரும் ரஷ்யா சென்றனர். அங்கே கிளாரா கொண்டாடப்பட்டார். ராபர்ட் நோயுற்றுச் சோர்ந்திருந்தார். புகழ்பெற்ற மனைவியின் கணவர் என்று மட்டும் அறியப்படுவது அவரைப் புண்படுத்தியது. மனைவி வாசிக்காவிட்டால் வருமானம் குறையும். வாசித்தால் கணவரின் மனம் நோகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிளாரா வாழ்ந்தார்.

1849 மே மாதம் டிரெஸ்டன் நகரில் எழுச்சி வெடித்தபோது குடும்பம் அங்கே வசித்தது. ராபர்ட்டையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு கிளாரா நகரைவிட்டு வெளியேறினார். பின்னர், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த நிலையில், போர் நடக்கும் நகருக்குள் இரவில் நடந்தே திரும்பிச் சென்று, வீட்டில் விட்டு வந்த மற்ற மூன்று குழந்தைகளையும் மீட்டு வந்தார்.

1854க்குப் பின்

1854 பிப்ரவரி 27 அன்று டசல்டார்ஃப் நகரில் ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினர். சில நாட்களில் பான் நகருக்கு அருகிலுள்ள எண்டெனிக்கில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கிளாராவுக்கு அப்போது 34 வயது. எட்டாவது குழந்தையைச் சுமந்திருந்தார். நோயாளியின் மனம் கலங்கும் என்று கூறி மருத்துவர்கள் அவரைக் கணவரைப் பார்க்க அனுமதிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பிரிவு நீடித்தது. 1856 ஜூலை 27 அன்றுதான் அவர் கணவரைச் சந்தித்தார். இரண்டு நாட்கள் கழித்து ராபர்ட் இறந்தார்.

மருத்துவமனைச் செலவும் குடும்பச் செலவும் கிளாராவின் தலைமேல் விழுந்தன. அவருக்காக நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்த நண்பர்கள் முன்வந்தபோது அவர் மறுத்தார். கடைசி மகன் பெலிக்ஸ் 1854 ஜூனில் பிறந்தான். இலையுதிர் காலத்திலேயே கிளாரா மீண்டும் மேடையேறினார். 1856 வசந்தத்தில் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். பின்வந்த ஆண்டுகளில் பலமுறை அங்கே திரும்பிச் சென்றார்.

குழந்தைகள்

ராபர்ட் இறந்தபோது ஏழு குழந்தைகள் உயிரோடு இருந்தனர். மூத்தவள் மரீக்கு 14 வயது. கடைசி மகனுக்கு இரண்டு. கச்சேரிப் பருவம் இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை நீளும். அந்த மாதங்களில் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளிலும், உறவினர், நண்பர் வீடுகளிலும் பிரிந்து வளர்ந்தனர். 1860களில் பாடன்-பாடன் அருகே கிளாரா ஒரு வீடு வாங்கினார். கோடையில் குடும்பம் அங்கே ஒன்றுகூடும். தாய் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். செலவு, படிப்பு, உடல்நலம், நடத்தை எல்லாம் அக்கடிதங்களில் பேசப்பட்டன.

பிள்ளைகளின் வாழ்விலும் துயரம் தொடர்ந்தது. ஒரு மகன் எமில் 1847இல் குழந்தையாகவே இறந்திருந்தான். மகன் லுட்விக் 1870இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்தார். மகள் ஜூலி 1872இல் காசநோயால் இறந்தார். மகன் பெர்டினாண்ட் போரில் ஏற்பட்ட நோயின் வலிக்காக மார்பின் மருந்துக்குப் பழகி அதற்கு அடிமையாகி 1891இல் இறந்தார். அவருடைய குழந்தைகளைப் பராமரிக்கும் சுமையும் எழுபது வயதைக் கடந்த கிளாராவிடம் வந்தது.

பெலிக்ஸின் கதையில் இக்கட்டுரையின் பொருள் தெளிவாகத் தெரிகிறது. அவர் வயலின் வாசித்தார், கவிதை எழுதினார். இசைக்கலைஞராக விரும்பினார். கிளாரா ஊக்குவிக்கவில்லை. ஷூமான் என்ற பெயரோடு மேடையேறுபவரிடம் உலகம் சாதாரணத் திறமையை ஏற்காது என்பது அவர் கருத்து. கவிதைகளை வெளியிடுவதாக இருந்தால் புனைபெயரில் வெளியிடும்படியும் அறிவுறுத்தினார். பெலிக்ஸின் கவிதைகள் சிலவற்றுக்குப் பிராம்ஸ் இசையமைத்தார். பெலிக்ஸ் 1879இல், 24ஆம் வயதில், காசநோயால் இறந்தார். எதிர்பார்ப்பின் பாரத்தைச் சிறுவயது முதல் சுமந்த தாய், அதே பாரம் மகன்மேல் விழக் கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்பே மகனுக்கு வேறொரு தடையாக அமைந்தது.

மூத்த மகள் மரீ திருமணம் செய்துகொள்ளாமல் தாயின் உதவியாளராகவே வாழ்ந்தார். மகள் ஓகனி பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். தாயின் மீதான அன்பும் மதிப்பும் அந்நூலில் நிறைந்துள்ளன.

மேடையும் உடலும்

இன்று பியானோ கலைஞர்கள் சுரக்குறிப்புத் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து வாசிப்பது இயல்பாகிவிட்டது. இதை வழக்கமாக்கிய முதல் சில கலைஞர்களில் கிளாராவும் ஒருவர். இளம் வயதில் அவர் அப்படி வாசித்தபோது, அது அகந்தை என்று சிலர் குறை கூறினர். பின்னர் அதுவே மக்கள் அவரிடம் எதிர்பார்க்கும் ஒன்றாயிற்று. வயது ஏற ஏற, நடுவில் மறந்துவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. தாமே தொடங்கிய வழக்கம் தமக்கே சுமையானது என்று சொல்லலாம்.

கையிலும் தோளிலும் ஏற்பட்ட வலி பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1870களின் நடுவில் ஓராண்டுக்கும் மேலாகக் கச்சேரிகளை நிறுத்த வேண்டியிருந்தது. முதுமையில் செவித்திறனும் குறைந்தது.

விதவையான பின் கிளாரா பெரும்பாலும் கறுப்பு உடையில் மேடையேறினார். கணவரின் இசைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த பூசாரி என்ற தோற்றம் மக்கள் மனத்தில் படிந்தது. ராபர்ட்டின் படைப்புகளைப் பரப்புவதும், அவற்றின் முழுத் தொகுப்பைப் பதிப்பிப்பதும் அவர் விரும்பி ஏற்ற கடமைகள். ஆனால் அந்தத் தோற்றத்தின் நிழலில் 'கிளாரா என்ற இசையமைப்பாளர்' மறைந்துபோனார்.

நின்றுபோன இசையமைப்பு

கிளாரா 13 வயதில் எழுதத் தொடங்கிய பியானோ கான்செர்ட்டோ 1835 நவம்பர் 9 அன்று கெவாண்ட்ஹவுஸில் அரங்கேறியது. மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, 16 வயது கிளாரா பியானோ வாசித்தார். தாமே இயற்றியதை வாசித்துக் காட்டுவது அக்காலக் கலைஞர்களுக்குரிய தகுதி என்பதால், தந்தையும் அவரை எழுதத் தூண்டினார்.

1839இல் தம் 20ஆம் வயதில் கிளாரா நாட்குறிப்பில் ஓர் ஐயத்தை எழுதினார்: படைக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்று ஒரு காலத்தில் நம்பியதாகவும், பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று இப்போது எண்ணுவதாகவும், இதுவரை எந்தப் பெண்ணாலும் இயலாதது தமக்கு மட்டும் எப்படி இயலும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். சமூகத்தின் எதிர்பார்ப்பு அவர் சொந்தக் கருத்தாகவே மாறியிருந்ததை இது காட்டுகிறது.

ஆயினும் எழுதுவது உடனே நின்றுவிடவில்லை. ராபர்ட் ஊக்குவித்தார். 1846இல் எழுதிய பியானோ டிரையோ அவருடைய சிறந்த படைப்பாக மதிக்கப்படுகிறது. டசல்டார்ஃபில் கணவருக்கு இடையூறின்றித் தனி அறையில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்த பின், 1853 கோடையில் மட்டும் அவர் பல படைப்புகளை எழுதினார். தானே ஒன்றை உருவாக்கிக் கேட்பதைவிடப் பெரிய இன்பம் இல்லை என்று அப்போது குறித்துவைத்தார்.

அடுத்த பிப்ரவரியில் ராபர்ட் ஆற்றில் குதித்தார். அதன்பின் வாழ்ந்த 42 ஆண்டுகளில் கிளாரா எழுதியவை மிகச் சில சிறு துண்டுகளே. கச்சேரி உடனடியாகப் பணம் தரும், இசையமைப்பு தராது. வாசிப்பதற்கு மேடை காத்திருந்தது. எழுதுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தம்மை மதித்து ஊக்கிய ஒருவரையும் அவர் இழந்துவிட்டார். இவை எல்லாம் சேர்ந்தே அந்தத் திறமையை அடக்கின.

மதிப்பீடு

கிளாராவை வெறுமனே பாதிக்கப்பட்டவர் என்று சொல்வது பொருந்தாது. 1868இல் பயணங்களைக் குறைத்துக்கொள்ளும்படி பிராம்ஸ் கடிதத்தில் கூறியபோது கிளாரா மனம் நொந்தார். கலையே தாம் சுவாசிக்கும் காற்று என்ற பொருளில் பதில் எழுதினார். பிள்ளைகளுக்காகச் சம்பாதிக்க வேண்டியிருப்பதையும் நினைவூட்டினார். அவருக்கு மேடை ஒரே சமயத்தில் சுமையாகவும் ஆறுதலாகவும் இருந்தது. துயரம் மிகுந்த நாட்களில் வாசிப்பே தம்மைக் காப்பாற்றியது என்று அவர் நம்பினார்.

1878 முதல் 1892 வரை ஃபிராங்ஃபர்ட் நகரின் ஹோக் இசைக்கல்லூரியில் பியானோ ஆசிரியராகப் பணியாற்றினார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தனர். மகள்கள் மரீயும் ஓகனியும் அங்கே அவருக்குத் துணையாகக் கற்பித்தனர். 1891 மார்ச் 12 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் தம் கடைசிப் பொதுக் கச்சேரியை நிகழ்த்தினார். 1896இல் அங்கேயே இறந்தார். பான் நகரில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

1828 முதல் 1891 வரையிலான ஏறத்தாழ 1,300 கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்கள், ராபர்ட் பிறந்த ஸ்விக்கவ் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. 1990இல் ஜெர்மனி வெளியிட்ட 100 மார்க் பணத்தாளில் கிளாராவின் உருவப்படம் இடம்பெற்றது. யூரோ வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய சொந்தப் படைப்புகள் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டன. 16 வயதில் அவர் அரங்கேற்றிய கான்செர்ட்டோவும், 1846இல் எழுதிய டிரையோவும் இன்று பல நாட்டு அரங்குகளில் வாசிக்கப்படுகின்றன. பெண்ணால் இயலுமா என்று அவர் நாட்குறிப்பில் கேட்ட கேள்விக்கு அவர் எழுதிய இசையே விடையாக இருக்கிறது. அந்த விடை அவர் காலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர் அடைந்த இழப்புகளில் அதிகம் பேசப்படாத ஒன்று.